உயிரணுவின் நெருக்கடி: வெப்ப அதிர்ச்சிக் காரணி பற்றிய ஒரு விளக்கம்

ஒரு சொல்லில் எழுந்த ஐயம்

தொடக்கக்கல்லூரி மாணவி ஒருவர் தாம் எழுதிய கட்டுரையைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொடுத்திருந்தார். உயிரியலை ஆங்கிலத்தில் பயில்பவர் அவர். தாம் விரும்பிக் கற்ற பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும் என்ற ஆர்வத்தால் அக்கட்டுரையை எழுதியிருந்தார். அதன் முதல் தொடர் இது: "வெப்பம் மிகும்போது உயிரணுக்களுக்கு மன அழுத்தம் ஏற்படுகிறது."

தொடரில் இலக்கணப் பிழை இல்லை. சந்திப் பிழையும் இல்லை. ஆயினும் உயிரணுவுக்கு மனம் ஏது? 'ஸ்ட்ரெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தந்த முதல் பொருளை அவர் எடுத்துக்கொண்டார். அச்சொல் துறைதோறும் வேறு பொருள் தருவது. உளவியலில் அது மன அழுத்தம். இயற்பியல் பாடநூல்களில் அது தகைவு. என்னுடைய துறையாகிய மொழியியலில், ஒரு சொல்லின் ஓர் அசையை மற்ற அசைகளைவிட ஓங்கி ஒலிப்பதை அது குறிக்கும். உயிரணுவைப் பற்றிப் பேசும்போது இவற்றுள் எதுவும் பொருந்தவில்லை.

"அப்படியானால் எந்தச் சொல்லை இடலாம்?" என்று மாணவி கேட்டார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. நிகழ்வது இன்னதென்று தெரியாமல் அதற்குப் பெயரிட முடியாது. ஆகவே உயிரணுவுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் படிக்கத் தொடங்கினேன். அவ்வாறு கற்றதையே இங்கு ஆசிரியர்களுடனும் மாணவர்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

புரதமும் அதன் மடிப்பும்

உயிரணுவின் வேலைகளுள் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்கள். ஒவ்வொரு புரதமும் அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. 20 வகை அமினோ அமிலங்களைக் கொண்டே எண்ணற்ற புரதங்கள் உருவாகின்றன. சில எழுத்துகளைக் கொண்டு அளவற்ற சொற்களை ஆக்கும் மொழியை அறிந்த நமக்கு இது புதிதன்று.

ஆயினும் சங்கிலியாக நீண்டு கிடக்கும் புரதம் எந்த வேலையையும் செய்யாது. அது தனக்குரிய வடிவத்தில் மடிய வேண்டும். மடிந்த பின்னரே ஒன்று உயிர்வளியைச் சுமக்கிறது. மற்றொன்று உணவைச் செரிக்கிறது. எவ்வாறு மடிய வேண்டும் என்ற செய்தி அமினோ அமில வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டிய கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 1972ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இம்மடிப்பு வலிய ஆணிகளால் அறையப்பட்டதன்று. மெல்லிய பிணைப்புகள் பல சேர்ந்து அதைத் தாங்கி நிற்கின்றன. வெப்பம் மிகுந்தால் அவை தளர்கின்றன. முட்டையை வேகவைக்கும்போது தெளிவாக இருந்த வெண்கரு வெளுத்துக் கெட்டியாவதை நாம் அன்றாடம் காண்கிறோம். அங்கு நடப்பது இதுவே. மடிந்த புரதத்தின் உட்புறத்தில் நீரை ஒதுக்கும் பகுதிகள் மறைந்திருக்கும். மடிப்பு அவிழ்ந்ததும் அவை வெளிப்படும். ஒரு புரதத்தின் அத்தகைய பகுதி மற்றொரு புரதத்தின் அத்தகைய பகுதியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவை திரளும், திரண்டவை எளிதில் பிரியா.

உயிரணுவுக்குள் புரதங்கள் மிக நெருக்கமாக நிறைந்துள்ளன. சந்தைக் கூட்டத்தில் ஒருவர் இடறி விழுந்தால் அருகிலிருப்போரும் விழுவது போல, சில புரதங்கள் உருக்குலைந்தால் மற்றவையும் அத்திரளில் சிக்கக்கூடும். உயிரணுவை வருத்தும் இடர்ப்பாடு இதுதான்.

நேப்பிள்ஸ் நகரில் ஒரு தற்செயல்

இவ்விடர்ப்பாட்டை உயிரணு எதிர்கொள்ளும் முறை எதிர்பாராத விதமாகவே முதன்முதலில் கண்டறியப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்னும் ஆய்வாளர் பழ ஈக்களின் குறவணங்களை ஆராய்ந்துவந்தார். அவ்வீயின் புழுப் பருவத்தில், உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள குறவணங்கள் மிகத் தடித்தவை. அவற்றின் பட்டைகளை நுண்ணோக்கியில் தெளிவாகக் காணலாம். ஒரு மரபணு மும்முரமாக இயங்கும்போது அது இருக்கும் இடம் சற்றே உப்பித் தெரியும்.

ஒருநாள் ஆய்வகத்தில் யாரோ வெப்பப் பெட்டியின் வெப்பநிலையை உயர்த்திவிட்டனர். பிறகு பார்த்தபோது, அதுவரை கண்டிராத இடங்களில் குறவணங்கள் உப்பியிருந்தன. முன்பு உப்பியிருந்த சில இடங்களோ தணிந்திருந்தன. சில நிமிடங்களிலேயே உயிரணு தன் வழக்கமான வேலைகள் சிலவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொரு வேலையில் இறங்கியிருந்தது. ரிட்டோசா இதனை 1962ஆம் ஆண்டில் 'எக்ஸ்பீரியன்ஷியா' என்னும் இதழில் வெளியிட்டார்.

அவ்விடங்களில் உள்ள மரபணுக்கள் எதை உருவாக்குகின்றன என்பது தெரியப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1974ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் டிசியேர், ஹெர்ஷல் மிட்செல், அர்சுலா டிரேசி ஆகிய மூவர், வெப்பமூட்டிய ஈக்களில் சில குறிப்பிட்ட புரதங்கள் மிகுதியாக உருவாவதைக் காட்டினர். அவற்றுக்கு 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்' என்ற பெயர் அமைந்தது. அவற்றின் மூலக்கூற்று எடையைக் கொண்டு எச்.எஸ்.பி. 70, எச்.எஸ்.பி. 90 என எண்ணிட்டு வழங்கினர். 70 என்பது ஏறத்தாழ 70,000 டால்டன் எடையைக் குறிக்கிறது.

செவிலிப் புரதங்கள்

இப்புரதங்கள் என்ன செய்கின்றன? மடிப்பு அவிழ்ந்த புரதங்களின் ஒட்டும் பகுதிகளை இவை பற்றிக்கொள்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் காக்கின்றன. மீண்டும் சரியாக மடிய வாய்ப்பளிக்கின்றன. சீர்செய்ய முடியாதவை சிதைத்து அகற்றப்படவும் உதவுகின்றன. பணி முடிந்ததும் விலகிவிடுகின்றன. இறுதி வடிவத்தின் உறுப்பாகத் தங்குவதில்லை.

இத்தகைய புரதங்களை ஆங்கிலத்தில் 'ஷாப்பரோன்' என்பர். 1978இல் ரான் லாஸ்கி குழுவினர் ஒரு புரதத்தின் பணியைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தினர். 1987இல் ஜான் எல்லிஸ் அதன் பொருளை விரித்தார். முற்கால ஐரோப்பியச் சமூகத்தில், இளம்பெண் பொது இடங்களுக்குச் செல்லும்போது தகாத தொடர்புகள் நேராமல் உடன்சென்று காத்த மூத்த பெண்ணுக்குரிய பெயர் அது. புரதங்களிடையே தகாத ஒட்டுதல்களைத் தடுப்பதால் அப்பெயர் பொருந்தியது.

தமிழில் இதற்குச் சொல் தேடியபோது அகத்திணை மரபு எனக்குக் கைகொடுத்தது. தலைவியை வளர்த்து, அவளைக் கண்காணித்து, இற்செறிப்பவள் செவிலி. அவள் தலைவியின் வாழ்வு செவ்வனே அமைய உதவுகிறாள். ஆனால் தலைவி மனையறம் மேற்கொண்டபின் அவ்வில்லத்தின் உறுப்பினள் ஆவதில்லை. இன்று 'செவிலியர்' என்பது நோயுற்றோரைப் பேணுவோரையும் குறிக்கிறது. இரு பொருளும் இங்கு இயைகின்றன. ஆகவே இக்கட்டுரையில் இவற்றைச் 'செவிலிப் புரதங்கள்' என்றே குறிப்பிடுகிறேன்.

ஒன்றை இங்கு மனங்கொள்ள வேண்டும். செவிலிப் புரதங்கள் பல, வெப்பம் இல்லாத காலத்திலும் உயிரணுவில் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. புதிதாக உருவாகும் புரதங்கள் சரியாக மடிவதற்கும் அவற்றின் துணை வேண்டும். வெப்பத்தின்போது அவற்றின் தேவை பெருகுகிறது, அவ்வளவே.

படியெடுப்பும் அதன் காரணியும்

தேவை பெருகிவிட்டது என்பதை மரபணுவுக்கு அறிவிப்பது யார்? இங்கேதான் வெப்ப அதிர்ச்சிப் படியெடுப்புக் காரணி வருகிறது.

மூலக்கூற்று உயிரியல் தன் கலைச்சொற்கள் பலவற்றை மொழித்துறையிலிருந்தே கடன் வாங்கியது. மரபுச் செய்தி நான்கு 'எழுத்து'களால் ஆனது, அதை ஆர்.என்.ஏ.வாக நகலெடுப்பது 'படியெடுத்தல்'. அந்நகலைக் கொண்டு புரதம் ஆக்குவது 'மொழிபெயர்ப்பு'. ஏட்டுச்சுவடிகளைப் பார்த்துப் படியெடுத்த மரபினர்க்குப் படியெடுத்தல் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரு நூலகத்தில் உள்ள எல்லாச் சுவடிகளையும் ஒருவர் ஒரே நாளில் படியெடுப்பதில்லை. வேண்டியதை மட்டும் எடுக்கிறார். உயிரணுவும் அவ்வாறே. எந்த மரபணுவை, எப்போது படியெடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவும் புரதங்களே படியெடுப்புக் காரணிகள்.

வெப்ப அதிர்ச்சி மரபணுக்களின் முன்பகுதியில் ஓர் அடையாளத் தொடர் உண்டு. ஜி, ஏ, ஏ என்னும் மூன்று எழுத்துகளை நடுவிற்கொண்ட ஐந்தெழுத்து அலகு அங்கே அடுத்தடுத்து வரும். ஒன்று ஒரு திசையிலும் அடுத்தது எதிர்த்திசையிலும் அமைந்திருக்கும். 1982இல் ஹியூ பெல்லம் இத்தகைய பகுதியைப் பழ ஈயின் மரபணுவில் இனங்கண்டார். அவர் அந்த ஈ மரபணுவைக் குரங்கின் உயிரணுக்களில் இட்டுச் சோதித்தார். குரங்கின் உயிரணு அதைப் படித்துப் புரிந்துகொண்டது. வெப்பமூட்டியதும் அந்த மரபணு இயங்கியது. ஈயும் குரங்கும் பரிணாம வழியில் பிரிந்து நெடுங்காலம் ஆகியும், இந்தச் சிறு தொடரின் 'பொருள்' இரண்டிலும் மாறாமல் இருந்தது. கிளைமொழிகளில் மாறாமல் எஞ்சும் அடிச்சொற்களைத் தேடுவதில் வாழ்நாளைச் செலவிட்ட என்னை இச்செய்தி வியக்க வைத்தது.

அத்தொடரில் வந்து அமரும் புரதமே வெப்ப அதிர்ச்சிக் காரணி. 1980களின் நடுவில் ஈக்களில் அது இனங்காணப்பட்டது. 1988இல் நொதியத்திலும் 1991இல் மனிதரிலும் அதற்குரிய மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. மனிதரில் இப்பணியின் தலைமைக் காரணி எச்.எஸ்.எஃப். 1 எனப்படுகிறது. அமைதிக் காலத்தில் அது தனித்தனியே திரியும். நெருக்கடியில் மும்மூன்றாக இணையும். இணைந்த மூன்றும் அடையாளத் தொடரின் மூன்று அலகுகளை ஒருங்கே பற்றும். தனியொன்றால் உறுதியாகப் பற்ற முடியாதாகையால், மூன்றும் சேரும்வரை அழைப்பு விடுக்கப்படுவதில்லை.

இந்த விரைவுக்கு மற்றொரு காரணமும் உண்டு. பழ ஈயின் எச்.எஸ்.பி. 70 மரபணுவில், படியெடுக்கும் நொதி முன்னதாகவே வந்து, ஏறத்தாழ 25 எழுத்துகளை எழுதிவிட்டு நின்று காத்திருக்கிறது. இதனை ஜான் லிஸ் குழுவினர் 1980களில் கண்டறிந்தனர். எழுத்தாணியை ஏட்டில் ஊன்றியபடி அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கும் எழுத்தரைப் போன்றது அது. காரணி வந்து சேர்ந்ததும் எழுத்து தொடர்கிறது.

உயிரணு எதை அளக்கிறது?

இப்போது முதன்மையான வினாவுக்கு வருவோம். வெப்பம் மிகுந்துவிட்டது என்று உயிரணுவுக்கு எப்படித் தெரிகிறது? உள்ளே வெப்பமானி ஏதும் இருக்கிறதா?

விடைக்கான முதல் குறிப்பு ரிட்டோசாவின் 1962ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இருந்தது. வெப்பமின்றி, சில வேதிப்பொருள்களை இட்டபோதும் அதே இடங்கள் உப்பின. பின்னர், சாராயம், கன உலோகங்கள் முதலியவையும் இவ்வெதிர்வினையைத் தூண்டுவது தெரியவந்தது. இவற்றுக்கிடையே பொதுவாக இருப்பது வெப்பமன்று, புரதங்களின் உருக்குலைவு.

1986இல் அனந்தன், கோல்ட்பர்க், வோல்மி ஆகியோர் இதனை நேரடியாகச் சோதித்தனர். தவளையின் முட்டையணுக்களுக்குள் இயல்பான வடிவிலுள்ள புரதத்தைச் செலுத்தியபோது வெப்ப அதிர்ச்சி மரபணு அசையவில்லை. உருக்குலைத்த புரதத்தைச் செலுத்தியபோது, வெப்பமே இல்லாத நிலையிலும் அது இயங்கியது.

இதிலிருந்து உருவான விளக்கத்தை ஒரு பள்ளிக்கூட உவமையால் கூறலாம். ஒரு பள்ளியில் ஓய்வுநேர ஆசிரியர்கள் சிலர் ஆசிரியர் அறையில் இருக்கின்றனர். கூடுதல் ஆசிரியர்களை வரவழைக்கும் அலுவலரும் அங்கேயே இருக்கிறார். அறையில் ஆசிரியர்கள் இருக்கும்வரை அவரை அவர்கள் எழவிடுவதில்லை; "நாங்கள்தாம் இருக்கிறோமே" என்று அமர்த்திவைக்கின்றனர். திடீரெனப் பல வகுப்புகளில் குழப்பம் எழுகிறது. ஆசிரியர்கள் ஒவ்வொருவராக அங்கு விரைகின்றனர். அறை காலியாகிறது. தடுக்க ஆளில்லாத அலுவலர் எழுந்து ஆள்களை வரவழைக்கிறார். வந்தவர்களால் குழப்பம் அடங்குகிறது. வேலை முடிந்தவர்கள் அறைக்குத் திரும்புகின்றனர். அலுவலர் மீண்டும் அமர்த்தப்படுகிறார்.

ஓய்வுநேர ஆசிரியர்கள் செவிலிப் புரதங்கள், அலுவலர் எச்.எஸ்.எஃப். 1. அமைதிக் காலத்தில் எச்.எஸ்.பி. 70, எச்.எஸ்.பி. 90 போன்றவை அக்காரணியைப் பற்றி அடக்கிவைக்கின்றன. உருக்குலைந்த புரதங்கள் பெருகும்போது செவிலிகள் அவற்றை நாடிச் செல்கின்றன. விடுபட்ட காரணி மரபணுவை அடைந்து மேலும் செவிலிகளை ஆக்குவிக்கிறது. செவிலிகள் போதிய அளவு பெருகியதும் அவையே காரணியை மீண்டும் அடக்குகின்றன. மிதமான வெப்பம் நீடிக்கும்போதே இவ்வெதிர்வினை தணிந்துவிடுவதற்குக் காரணம் இதுவே. எச்.எஸ்.எஃப். 1 வெப்பத்தை ஓரளவு நேரடியாகவும் உணர்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. எனினும் அதன் கடிவாளம் பெரிதும் செவிலிகளிடமே உள்ளது.

ஆக, உயிரணு வெளியிலுள்ள வெப்பத்தை மட்டும் அளப்பதில்லை. தன்னிடம் ஓய்வாக இருக்கும் உதவிக்கரங்கள் எத்தனை என்பதையே முதன்மையாக அளக்கிறது. 'வெப்ப அதிர்ச்சி' என்ற பெயர் இதைச் சொல்வதில்லை. கண்டுபிடித்த நாளில் வெப்பப் பெட்டியில் நிகழ்ந்ததை மட்டுமே அது சொல்கிறது.

வயலிலும் நோயிலும்

ஆய்வகத்துக்கு வெளியிலும் இச்செய்தி நம்மைத் தொடுகிறது. விலங்கு நிழலை நாடி ஒதுங்கலாம். வேரூன்றிய செடி எங்கே போகும்? நொதியத்திலும் பழ ஈயிலும் வெப்ப அதிர்ச்சிக் காரணி ஒன்றே உண்டு. நெல்லில் அத்தகைய மரபணுக்கள் 25 உள்ளன. இத்தனை காவல் இருந்தும், பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடந்தால் மகரந்தச் சேர்க்கை கெட்டு மணி பிடிக்காமல் பதராகிறது. புவி வெப்பமாகிவரும் இக்காலத்தில் இது வெறும் பாடநூற்செய்தி அன்று.

மனித உடலில் இக்காரணிக்கு இரண்டு முகங்கள் உண்டு. முதுமையில் புரதங்களைச் சீராகப் பேணும் திறன் குறைகிறது. அல்சைமர், பார்க்கின்சன் ஆகிய நோய்களில் நரம்பணுக்களில் புரதத் திரள்கள் காணப்படுகின்றன. சிந்தியா கென்யன் குழுவினர் 2003இல், ஒரு நுண்புழுவில் இக்காரணியின் செயலை மிகுவித்தபோது அதன் வாழ்நாள் நீண்டதைக் காட்டினர். இதைக் கேட்டவுடன், 'இக்காரணியை எப்போதும் முடுக்கிவைத்தால் என்ன?' என்று தோன்றும். 2007இல் சூசன் லிண்ட்குவிஸ்ட் குழுவினரின் ஆய்வு அவ்வாசைக்கு அணையிட்டது. எச்.எஸ்.எஃப். 1 இல்லாத எலிகளில் புற்றுக்கட்டிகள் குறைவாகவே தோன்றின. புற்றணுவும் நெருக்கடியில் வாழும் உயிரணுவே; அதுவும் இதே பாதுகாப்பைப் பயன்படுத்தித் தழைக்கிறது. செவிலிக்குத் தான் பேணும் பிள்ளையின் குணம் தெரியாது.

சொல்லுக்குத் திரும்புவோம்

மாணவி கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். புரதங்கள் உருக்குலைகின்றன, உதவிக்கரங்கள் போதவில்லை, தேவைக்கும் கைவசமிருப்பதற்கும் இடையே இடைவெளி விழுகிறது. இந்நிலைக்குத் தமிழில் 'நெருக்கடி' என்ற நல்ல சொல் வழக்கிலேயே இருக்கிறது. பண நெருக்கடி, இட நெருக்கடி என்று நாம் கூறும்போதும் இதே பொருளைத்தான் சுட்டுகிறோம். உயிரணுவுக்கு நேர்வது நெருக்கடி. அதற்கு அது ஆற்றுவது நெருக்கடி எதிர்வினை. 'வெப்ப அதிர்ச்சி' என்ற பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டதால் அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கற்பிக்கும்போது அப்பெயர் எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூறுவேன். அறிவியலை வேறொரு மொழியில் கற்கும் நம் மாணவர்கள் அதைத் தமிழில் சொல்ல முயலும்போது தடுமாறுவர். அத்தடுமாற்றம் மொழிக் குறைவால் மட்டும் வருவதன்று. ஆங்கிலச் சொல்லை அப்படியே ஒப்பித்தால் புரிந்தது போலத் தோன்றும். தமிழில் சொல்ல முனையும்போதுதான் எந்த இடத்தில் புரியவில்லை என்பது வெளிப்படும். ஆதலால் கலைச்சொற்பட்டியலை முதலில் நீட்டாதீர்கள். "அங்கே என்ன நடக்கிறது?" என்று முதலில் கேளுங்கள். விடை தெளிந்தால் சொல் பின்னால் வரும்.

அம்மாணவி தம் முதல் தொடரை இவ்வாறு மாற்றி எழுதினார்: "வெப்பம் மிகும்போது உயிரணுவின் புரதங்கள் உருக்குலைகின்றன, அவற்றைச் சீர்செய்யும் செவிலிப் புரதங்கள் போதாமையால் உயிரணுவுக்கு நெருக்கடி ஏற்படுகிறது." முன்பு எழுதியதைவிட இது நீளமான தொடர். நான் அதில் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை.